ஒப்பக் காக்கா

எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் குடும்பத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். கல்முனைக்குடியோ, சாய்ந்தமருதோ, மருதமுனையோ, நிந்தவூரோ, வீட்டில் யாருக்காவது ஒப்பரேசனுக்குத் திகதி குறித்துவிட்டால் போதும். அன்று சுபஹு தொழுத கையோடு வெள்ளைச் சேர்ட்டை மாட்டி, பொக்கற்றில் இரண்டு பேனா குத்திக்கொண்டு வந்துவிடுவார். ஒன்று மக்கர் பண்ணினால் மற்றது. வீட்டாருக்கு அவர் காக்கா (அண்ணன்), வார்ட்டுக்கு ‘காடியன்’, ஊரார் வைத்த பெயர் ஒப்பக் காக்கா.

அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, வருத்தம் பெரிதென்றால் மட்டக்களப்பு போதனா. மூன்றிலும் மோட்டார் சைக்கிளை எந்த மரநிழலில் விடலாம் என்பது அவருக்கு அத்துப்படி. நோயாளியைப் பற்றியோ அவருக்குத் தெரியாததே இல்லை. கட்டிலில் கிடக்கும் தங்கச்சியிடம் “எங்க நோகுது?” என்று டொக்டர் கேட்டால், காக்கா தன் வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவார். சாப்பிட்டீர்களா, வாந்தி வந்ததா, எத்தனை பிள்ளைகள்? எல்லாவற்றுக்கும் பதில் கட்டிலுக்கு மேலே இரண்டடி உயரத்தில் இருந்துதான் வரும். தங்கச்சிக்கு வயது நாற்பத்தெட்டு, பேரப்பிள்ளை கண்டவர். ஊரில் நாலு பேருடைய வழக்கை வாயாலேயே தீர்த்து வைப்பவர். வார்ட்டுக்குள் வந்தால் மட்டும் அவர் வாயைக் காக்கா வாடகைக்கு எடுத்துவிடுவார்.

மொழிபெயர்ப்பும் அவர் வசம்தான். சத்திரசிகிச்சை நிபுணர் காலிப் பக்கத்தவர். சிங்களமும் ஆங்கிலமுமாக ஐந்து நிமிடம் நின்று விளக்குவார்: பித்தப்பையில் கல், சிறு துளைகள் போட்டுக் கமராவால் பார்த்து எடுக்கலாம், சிலவேளை அது சரிவராமல் வயிற்றைத் திறக்க நேரலாம், அருமையாகப் பித்தக் குழாய்க்குக் காயம் படலாம், இப்போதே செய்யாமல் கொஞ்சக் காலம் பார்த்திருக்கவும் வழியுண்டு. காக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டுத் தங்கச்சி பக்கம் திரும்புவார்.

“ஒண்டும் பயமில்லயாம். சின்ன வேலயாம்.”

தங்கச்சி ஏதோ தயங்கித் தயங்கி நீளமாகச் சொல்வார். காக்கா டொக்டரிடம் திரும்பி, “ஓகே சேர்!” என்பார். சம்மதப் படிவத்தில் ஒப்பம் வைக்கப் பேனாவும் வெளியே வந்துவிடும்.

இந்தக் கை எங்கே பழகியது என்று பார்த்தால் நிக்காஹ் வீட்டுக்குப் போகவேண்டும். வாப்பா மௌத்தாகிவிட்டதால் தங்கச்சிக்கு வலீயாக (மணமகளின் பொறுப்பாளராக) நின்று ஒப்பம் வைத்தவர் காக்காதான். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் ஒப்பத்தைக் கட்டாயம் கேட்பதில்லை. சரி, அது தனி வழக்கு. பெண்கள் அமைப்புகள் வருடக்கணக்காகப் பேசிவருகிற வழக்கு. ஆனால் கிழக்கில் வீடு பெண்ணுடையது. உறுதி தங்கச்சியின் பெயரில். வளவில் ஒரு பேர்ச் நிலத்தை விற்பதென்றாலும் நொத்தாரிசு, சாட்சிகள் இருவர் முன்னிலையில், அவரோ, அவர் சட்டப்படி அதிகாரம் கொடுத்தவரோதான் ஒப்பம் வைக்கவேண்டும். 1840 இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. காக்கா அங்கே போய் “ஓகே சேர்” சொன்னால் நொத்தாரிசு எழுந்து வெளியே விட்டுவிடுவார். வளவின் மூலையை விற்கத் தங்கச்சி வேண்டும், வயிற்றின் மூலையில் இருக்கும் பையை எடுக்கக் காக்கா போதும்!

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. புத்தி தெளிவாக உள்ள, வயது வந்த ஆளின் உடம்புக்கு அந்த ஆளே சம்மதம் சொல்லவேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர். நினைவில்லாமல் உயிருக்கு ஊசலாடிக்கொண்டு வந்தால் டொக்டர் யாருடைய பேனாவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இது வழக்காகவே போன கதையும் உண்டு: டெல்லியில் ஒரு பெண் வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்கத்தான் சம்மதித்து மயக்கத்தில் கிடந்தார். வெளியே நின்ற தாயிடம் ஒப்புதல் கேட்டுக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். சமீரா கோலி வழக்கு என்று அதற்குப் பெயர். தாயின் சம்மதம் செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தப் பெண் விழிக்கும்வரை காத்திருந்திருக்கவேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008 இல் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை உங்களுக்கு ஏது என்று கேட்டால் காக்கா கொஞ்சம் யோசிக்கக்கூடும்.

காக்காவைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரவெல்லாம் வராந்தாவில் பாய் போட்டுப் படுப்பவர் அவர். இரத்தம் வேண்டுமென்றால் பத்து இளந்தாரிகளை வரிசையில் நிறுத்துபவரும் அவரே. கெட்ட வருத்தம் என்று தெரிந்தால் நோயாளிக்குச் சொல்லாமல் தானே சுமந்து, சீனி கூடி மெலிபவர். என் கோபமெல்லாம், பேனாவோடு நிற்கும் ஆளைக் கண்டதும் வேலை லேசாகிவிட்டது என்று படிவத்தை அவர் பக்கம் நீட்டுகிற டொக்டர்மேல்தான். விளங்கப்படுத்துவது டொக்டரின் கடமை. கடதாசி அதற்குச் சாட்சி மட்டும்.

ஒருநாள் அப்படி நீட்டாத ஒரு டொக்டர் வந்தார். இளம் பெண், தமிழ் தெரிந்தவர். “காக்கா, கொஞ்சம் வெளிய நில்லுங்க” என்று திரையை இழுத்துவிட்டார். திரைக்கு வெளியே நின்றுகொண்டும் காக்கா முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

உள்ளே தங்கச்சி கேட்டார்: “கல்ல மட்டும் எடுத்துட்டு பைய உட ஏலாதா?”

பையை விட்டால் கல் திரும்ப வரக்கூடும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார்.

“அப்ப சரி. கட்டார்லரிந்து அவரு வார மாசம் வாராரு. அதுக்குப் பொறகு செஞ்சா என்ன?”

செய்யலாம். எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறைக்கவேண்டும். காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ கண்டால் ஓடிவரவேண்டும். தங்கச்சி புதுத் திகதியைத் தானே கேட்டு எழுதிக்கொண்டார், காக்காவின் இரண்டாவது பேனாவை வாங்கி.

அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் காக்கா சொல்லிக்கொண்டிருந்தார்: “நான்தான் டொக்டருக்கிட்ட கதச்சி டேட்ட மாத்தினான்.”