வாய்தா கேட்காத பேய்

1966-இல் வந்த ‘யார் நீ?’ படத்துப் பேயைப் போலச் சிக்கனமானது உண்டா? ஒரு வெள்ளைச் சேலை, ஒரு மழை இரவு, ஒரு பாட்டு. ஊரே போர்வைக்குள். கடைசியில் பார்த்தால் பேயே இல்லை. சொத்துக்கு அடிபோட்டவனின் ஏற்பாடு. எவ்வளவு குடும்பப்பாங்கான கதை!

இந்தக் காலப் பேய்க்கோ பொறுப்பு அதிகம். 2014-இல் எழும்பிய ‘அரண்மனை’ 2024-இல் நாலாம் பாகம் கண்டுவிட்டது. காமெடியன்களைத் துரத்தித் துரத்தி அறைய வேண்டும், பிளாஷ்பேக் சொல்லி அழவைக்க வேண்டும், கொலைகாரனுக்கு இரண்டரை மணி நேரத்தில் தீர்ப்பும் வழங்க வேண்டும். வாய்தா என்ற பேச்சே கிடையாது.

நேற்று நள்ளிரவு யாரோ கதவைத் தட்டினார்கள். வியர்த்து விறுவிறுத்துப் போய் ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். வெள்ளைச் சேலை, தலைவிரிகோலம். நல்லவேளை, பேய்தான். பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு பெரியப்பா மகன்தான் வந்துவிட்டானோ என்று குலை நடுங்கிவிட்டது.