மின்பொருத்த விளக்கம்

பாயிரம்

வெவ்வேறு கம்பனிகள் செய்த மின்கருவிகள் ஒரே வலையில் கூடி வேலை செய்ய, கம்பி முதல் அரசாங்கக் கொள்கை வரை எட்டு அடுக்கிலும் அவை பொருந்த வேண்டும் என்று அமெரிக்காவின் கிறிட்வைஸ் கட்டமைப்புப் பேரவை 2008 இல் வகுத்தது. எட்டு நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டையும் எட்டென்றே எண்ணினார். எனினும் யாழ்ப்பாணக் குடாநாட்டு வழக்கு நோக்கி எட்டையும் நான்காகச் சுருக்கி உரைக்கின்றோம். கற்றற்கு உரியார் யாரெனின், வீட்டில் ஒரு பிளக் பொயின்ற்றாவது உடையோர்.

1. துளைப் பொருத்தம்

செருகி துளைக்குள் போவது. இது மூவகைப்படும். சதுரக்கால் 13 அம்பியர் தன் துளையிற் சேர்வது இயல்புப் பொருத்தம். இந்தியாவிலிருந்து வந்த உருண்டைக்காலை அடப்டர் வைத்துச் சேர்ப்பது உபாயப் பொருத்தம். பாரிசிலிருந்து வந்த இரட்டைக்கால் சார்ஜரைப் பிடித்துக்கொண்டு, மேல் துளைக்குள் பேனை மூடியை அமத்தி, உள்ளிருக்கும் மறைப்பு விலகிய கணத்தில் செருகுவது வன்பொருத்தம். 13 அம்பியர் சதுரக்காலே நாட்டு நியமம் என்று இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு தீர்த்த பின்னும் பேனை மூடி ஓய்வு பெறவில்லை.

2. வலுப் பொருத்தம்

துளை பொருந்தியும் வலு பொருந்தாமை உண்டு. இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்; கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ஸ்காபரோச் சித்தி ஆசையாகக் கொண்டுவந்த ரைஸ் குக்கரை அடப்டரில் செருகுவது, சாதகம் பாராமல் படத்தை மட்டும் பார்த்துச் செய்த சம்பந்தம். அடப்டர் காலை மாற்றும்; வோல்ற்றை மாற்றாது. கருவியைக் கவிழ்த்து ஒட்டியிருக்கும் சீட்டை வாசிப்பதே சோதனை. 100–240 என்றிருந்தால் உத்தமம், 120 மட்டும் என்றால் அதமம்.

அஃதேல், நியமம் இன்றிப் பொருத்தம் நிகழாதோ எனின், நிகழும். 1990 இல் தேசிய மின்வலையிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்ட பின், சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோர் சான்று. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே கிளிநொச்சி–சுன்னாகம் 132 கிலோவோல்ற் வழியால் வலையோடு மீளச் சேர்ந்தோம்.

3. சொற் பொருத்தம்

கருவிகள் ஒன்று சொல்வதை மற்றது விளங்குதல். 2016 இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தால் கூரைகளில் சோலர் பெருகிற்று. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு தொட, நாடு முழுதும் கறண்ட் போனது. பாவனை குறைந்த நாளில் வெயில் மின்சாரம் மிகுந்திருந்ததால் வலை அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை. எனவே பாவனை குறையும் அவ்வாண்டுப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி வரை, கூரைச் சோலரை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. கூரைச் சோலரின் இன்வேர்ட்டருக்கு நேரே சொல்ல வழியிருக்கவில்லை; வீட்டுக்காரருக்குச் சொல்லவேண்டியதாயிற்று. வீட்டுக்காரரோ மூவகையர்: சொன்னவுடன் நிறுத்துவோர், பக்கத்து வீட்டார் நிறுத்தினாரா என்று எட்டிப் பார்த்து நிறுத்துவோர், அறிவித்தலே காணாதோர்.

பரிகாரம் உண்டு. அமெரிக்காவின் ஐஇஇஇ 1547 நியமம் 2018 இல் மூன்று தொடர்பு மொழிகளைக் குறித்து, இவற்றுள் ஒன்றேனும் இன்வேர்ட்டர் பேசவேண்டும் என்றது. மொழி ஒன்றானாலும் பொருள் ஒன்றாக வேண்டும். ‘நிறுத்து’ என்றால் முழுதாகவா, வீட்டுப் பாவனைக்கு வேண்டியதை விட்டா? இதை முன்கூட்டியே எழுதிவைக்காவிடில் பேசும் இன்வேர்ட்டரும் ஊமையே.

4. நோக்குப் பொருத்தம்

கருவிகளுக்குப் பின்னால் நிற்போரின் நோக்கம் ஒன்றுதல். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்று, வெயில், பற்றரி, டீசல் நான்கையும் இணைக்கும் திட்டத்தில் பொறியியற் குறை எதுவும் இல்லை. 2021 ஜனவரியில் அது ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா முகம் சுளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் வேலை நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்படிக்கை; 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பனியொன்றுடன் ஒப்பந்தம். காற்று 530 கிலோவாற், வெயில் 1,700 கிலோவாற், பற்றரி 2,400 கிலோவாற்மணி, கைகாவலுக்கு டீசல் 2,500 கிலோவாற். காற்றும் டீசலும் இணங்கும். தலைநகரங்கள் இணங்க மூன்று வருடத்துக்கு மேல்.

மதிப்பிடும் முறை

அறிஞர் கீழடுக்கிலிருந்து மேலே எண்ணுவர். குடாநாட்டார் மேலிருந்து கீழே எண்ணுக. ஏனெனில் கீழே பிழைத்தால் ஒரு குக்கர் போகும், மேலே பிழைத்தால் மூன்று தீவு காத்திருக்கும். சோலர் வாங்கப் போவோர் விற்பவரிடம் மூன்று கேட்க: இன்வேர்ட்டர் பழுதானால் வேறு கம்பனியினதை இதே பற்றரியோடு பூட்டலாமா? வெளியிலிருந்து இதை யார், எந்த விதிப்படி நிறுத்துவார்? நிறுத்திய நாளின் வருமானத்தை யார் தருவார்? முதலாவதுக்கு அவர் விடை சொல்லுவார். இரண்டாவதுக்குச் சிரிப்பார். மூன்றாவதைக் கொழும்பில் கேட்கச் சொல்லுவார். அவரில் பிழையில்லை, கேட்கவேண்டிய இடம் அதுதான்.