இழுத்தால் வராதது

லேத் பட்டறை வைத்திருப்பவன் வீட்டில் டிராயர் சிக்கக் கூடாது என்பது என் மனைவியின் கொள்கை. கோயம்புத்தூரில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அத்தனை பட்டறைக்காரர் வீட்டிலும் டிராயர் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வருகிறதா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

எங்கள் மேசையின் அடி டிராயர் நல்ல அகலம். கைப்பிடி இரண்டு. சித்திரை, வைகாசியில் கூப்பிட்ட குரலுக்கு வரும். ஐப்பசி பிறந்தால் மரம் ஈரம் குடித்து உப்பிக்கொள்ளும். நார் ஓடும் நீளவாக்கில் மரம் அநேகமாக வளராது. குறுக்கே பார்த்துத்தான் பெருக்கும். அதாவது டிராயரின் பக்கப் பலகைகள் உயரவாக்கில் பருத்து, மேலும் கீழும் முட்டிக்கொண்டு சட்டமாக உட்கார்ந்துவிடும். கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, மாமியாரின் டாக்டர் சீட்டு எல்லாம் அதற்குள்தான் குடியிருக்கும். அவசரமில்லாத பொருள் எதையும் அது உள்ளே சேர்த்துக்கொண்டதில்லை.

அதைத் திறக்க எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. ஒரு கையில் காபி டம்ளர் இருக்கும். மறு கையால் வலது கைப்பிடியைப் பிடித்து ஓர் இழுப்பு. வலது மூலை முன்னால் வரும். இடது மூலை, ‘நீ போ, நான் பின்னாலேயே வர்றேன்’ என்று நின்றுவிடும். டிராயர் கோணிக்கொள்ளும். பலத்தைக் காட்டுவோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் காட்டுவோம். மேசை மொத்தமும் நகர்ந்து வரும், டிராயர் வராது.

இதற்குக் கணக்கு இருக்கிறது. ஓரமாக இழுத்தால் டிராயர் லேசாகத் திரும்பி, எதிரெதிர் மூலைகளால் பக்கச் சட்டத்தை அழுத்தும். அழுத்தம் ஏறினால் உராய்வும் அதே விகிதத்தில் ஏறும் என்று பிரான்சில் அமோந்தோன் 1699-லேயே சொல்லி வைத்துவிட்டார். நாம் இரண்டு மடங்கு இழுத்தால் அதுவும் இரண்டு மடங்கு பிடித்துக்கொள்ளும். ஆகவே பலம் இங்கே கணக்கிலேயே வராது. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடித்திருக்கிறோம், சட்டத்துக்குள் டிராயர் இன்னும் எவ்வளவு நீளம் இருக்கிறது, இதைத்தான் பார்க்க வேண்டும். உராய்வுக் குணகம் 0.5 என்று வைத்துக்கொண்டால், நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி இழுக்கும்போது உள்ளே 30 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் பீமசேனனே வந்தாலும் ஆகாது. பாதி திறந்த பிறகு சிக்குகிற கொடுமைக்கும் இதுதான் காரணம்: வெளியே வர வர உள்ளே நீளம் குறைகிறதல்லவா?

இதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு மனைவிக்கு விளக்கினேன். கவனமாகத்தான் கேட்டாள். “படம் நல்லாருக்குதுங்க. அம்மாவோட சீட்டு எப்பங்க வரும்?” என்றாள்.

டிராயரின் இந்தக் கோணல் புத்தியையே சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. தச்சர்களின் எஃப் கிளாம்பில் ஒரு தாடை கம்பி மேல் ஓடும். கையால் தள்ளினால் சாதுவாக நகரும். திருகை முறுக்கியதும் கோணிக்கொண்டு இரும்புப் பிடியாய்ப் பிடித்துக்கொள்ளும். சிக்குவதற்கென்றே பிறந்தது அது. என் டிராயர் பிறந்த இடம்தான் தப்பு.

பட்டறையில் எனக்குச் சோறு போடுவதே, டிராயரைப் போல வழுக்கி ஓடும் ஸ்லைடுதான். ஒரு காலத்தில் கடைசல்காரர் பெரும்பாலும் உளியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800 வாக்கில் செய்த லேத்தில் உளியை ஸ்லைடில் பூட்டி, திருகாணியால் நகர்த்தினார். மனிதனின் கை நடுக்கத்தை நம்பாத நல்ல மனிதர். இன்றைக்கும் லேத்தில் உளியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு, டவ்டெயில் என்ற புறாவால் வடிவத் தடத்தில் ஓடும். பக்கத்தில் கிப் என்றொரு மெல்லிய பட்டை. அதன் ஸ்க்ரூவைச் சற்று அதிகம் முடுக்கினால் ஹேண்டில் சுற்றாது. சற்று விட்டால் கட் எடுக்கும்போது டூல் ஆடி, கடைகிற ஜாப் முழுக்க அலை அலையாய்த் தழும்பு விழும். இரண்டுக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரின் ஒரு சின்ன அசைவுதான். எங்கள் பழைய மிஸ்திரி அதைக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பார். கேட்டால், “கை சொல்லுமுங்க” என்பார். என் கை இதுவரை வாயே திறக்கவில்லை.

வழவழவென்று இருந்தால்தான் நன்றாக ஓடும் என்பதும் முழு உண்மையல்ல. மிஸ்திரி ஸ்லைடின் முகத்தை நீலம் தடவிப் பார்த்து, மேடான புள்ளிகளை ஸ்க்ரேப்பரால் சுரண்டிச் சுரண்டி எடுப்பார். முடிவில் முகமெங்கும் எண்ணெய் தங்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். பள்ளமே இல்லாத முகத்துக்கு ஸ்லிப் கேஜைப் பாருங்கள். ஸ்வீடன்காரர் யோஹான்சன் உண்டாக்கிய அந்த எஃகுக் கட்டைகள் அத்தனை சமதளம். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று தேய்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

டிராயருக்கு வருவோம். மாமியார் தேங்காய் எண்ணெய் தடவினார். தூசி சேர்ந்து களியானது. மெழுகுவர்த்தி தேய்த்ததில் ஓரளவு குணம் தெரிந்தது. கேரம் போர்டுக்கு வாங்கிய போரிக் பவுடரைக் கேட்டேன். மகன் டப்பாவை ஒளித்து வைத்துவிட்டான். கடைசியில் ஆசாரி வந்தார். பார்த்த மாத்திரத்தில், “நடுவுல ஒரே ஒரு கைப்பிடி வெச்சாப் போதுமுங்க” என்றார். நான் காலண்டர் தாளில் முழுப்பக்கம் எழுதியதை ஒரு வரியில் முடித்துவிட்டார். பழைய ஓட்டைகள் அசிங்கமாகத் தெரியும் என்று மனைவி தடுத்துவிட்டாள். ஆகவே பால் பேரிங் வைத்த சேனல் போட்டாயிற்று.

இப்போது சுண்டுவிரல் பட்டால் போதும், ஓடி வருகிறது. படாவிட்டாலும் வருகிறது. கழுவிவிட்டால் தண்ணீர் வாசல் பக்கம் ஓடட்டும் என்று கொத்தனார் தரைக்கு வாட்டம் கொடுத்திருக்கிறார். மேசையும் அந்தப் பக்கமே பார்த்து நிற்கிறது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த மாமியாரின் முழங்காலில் இடித்துவிட்டது. மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினோம். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

“கொஞ்சம் டைட்டா வேணுமுங்களா?”