கன்சோல் வாங்கப்போகிறவர்

ரெட்ரோ வீடியோ கேம் கன்சோல் வாங்கப்போகிறவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம்: அவர் வீட்டில் கன்சோல் இருக்காது. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். வீட்டுக்கடனில் பாதி அடைந்திருக்கும். கார் வாங்கியபோது ஷோரூமில் அரை மணி நேரத்தில் முடிவெடுத்தவர். பையனுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்பதை மனைவியின் பொறுப்பில் விட்டவர். ஆனால் 1983-இல் ஜப்பானில் 14,800 யென்னுக்கு விற்ற ஃபேமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியை இன்று வாங்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்ததும் எக்செல் தாளைத் திறந்துவிடுவார். மாடல், உள்ளே இருக்கும் பலகையின் எண், டிவியோடு எப்படி இணைப்பது, பிளாஸ்டிக் எவ்வளவு மஞ்சளடித்திருக்கிறது என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருப்பார். மனை வாங்குகிறவர் முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் கேட்பதுபோல, கெப்பாசிட்டரை யார் எப்போது மாற்றினார்கள் என்று ஒசாகாவில் இருக்கும் விற்பனையாளரைக் கேட்டுக் கடிதம் எழுதுவார். "என்னங்க, அந்த டப்பா இன்னும் வரலையா?" என்று மனைவி கேட்டால், "பாத்துட்டே இருக்கேன்" என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இவரைக் கஞ்சர் என்றோ முடிவெடுக்கத் தெரியாதவர் என்றோ சொல்லிவிட்டுப் போவது வழக்கம். இரண்டும் தவறு. இவருடைய சிக்கல் வேறு. இவர் அசலைத் தேடுகிறார். ஆனால் சின்ன வயதில் இவர் விளையாடியது நகல். தொண்ணூறுகளில் சென்னையின் பர்மா பஜாரிலிருந்தும் ரிச்சி தெருவிலிருந்தும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த 'டிவி கேம்' பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கும் கியோட்டோவில் இருக்கும் நின்டெண்டோ நிறுவனத்துக்கும் எந்த உறவும் கிடையாது. அங்கே மசாயுகி உவெமுரா வடிவமைத்த ஃபேமிகாம் கருவியின் சில்லுகளைத் தைவானில் நகலெடுத்தார்கள். அந்தச் சில்லுகளைக் கிடைத்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் போட்டு, கூட்டின் மேல் தோன்றிய பெயரை ஒட்டி விற்றார்கள். கூடவே ஒரு மஞ்சள் கேசட். அதன் மேல் 999999 விளையாட்டுகள் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பவை விரல்விட்டு எண்ணிவிடும் அளவுதான். ஒரே விளையாட்டு ஒரு வரிசையில் முதல் கட்டத்திலிருந்து தொடங்கும், பத்து வரிசை தள்ளி மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும், இன்னொரு வரிசையில் முப்பது உயிரோடு தொடங்கும். இன்று நம்மவர் நண்பர்கள் மத்தியில் மேல் மேல் கீழ் கீழ் என்று ஆரம்பித்துக் கொனாமி நிறுவனத்தின் புகழ்பெற்ற ரகசிய விசை வரிசையை மந்திரம்போல் ஒப்பிப்பார். அது கசுஹிசா ஹஷிமோட்டோ கிரேடியஸ் விளையாட்டுக்காகச் சேர்த்தது என்பது வரை தெரியும். அன்றைக்கு அது அவருக்குத் தேவையே பட்டதில்லை. கான்ட்ரா விளையாட்டில் அது தரும் முப்பது உயிரைக் கேசட்டே கொடுத்தது.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய எக்செல் தாளைப் பார்த்தால், ஒவ்வொரு வரியும் ஏன் கடைசிக் கட்டத்தில் கவிழ்கிறது என்பது விளங்கும். முதல் வரியில் நின்டெண்டோவே 2016 நவம்பரில் வெளியிட்ட, ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்.ஈ.எஸ். பெட்டியின் குட்டிப் பதிப்பு, என்.ஈ.எஸ். கிளாசிக் இருக்கிறது. உள்ளங்கை அகலம், வெளியானபோது அறுபது டாலர், உள்ளே முப்பது விளையாட்டுகள், அசல் நிறுவனத்தின் முத்திரை. முப்பதையும் படித்துப் பார்த்தால் கான்ட்ரா இல்லை, அதன் இரண்டாம் பாகம்தான் இருக்கிறது. வாத்து சுடும் விளையாட்டு இல்லை. டேங்க் விளையாட்டு இல்லை. கேசட் செருக இடமும் இல்லை. சரி, பழைய அமெரிக்க என்.ஈ.எஸ். பெட்டியையே வாங்கலாம் என்று இரண்டாம் வரிக்குப் போகிறார். நம் ஊரில் டேங்க் கேம் என்று அழைக்கப்பட்ட, நாம்கோ 1985-இல் வெளியிட்ட பேட்டில் சிட்டி அந்தக் காலத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கே வரவில்லை. சிங்கத்தின் மேல் ஏறி நெருப்பு வளையம் தாண்டும் சர்க்கஸ் சார்லியும் அந்தப் பெட்டிக்கு வரவில்லை. அண்ணனும் தம்பியும் எந்த டேங்க் விளையாட்டுக்காக ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிச் சண்டை போட்டார்களோ, அந்த விளையாட்டே அசல் அமெரிக்கப் பெட்டியின் சரித்திரத்தில் கிடையாது. போதாக்குறைக்கு அமெரிக்கக் கேசட்டுக்கு 72 ஊசி, ஜப்பான் கேசட்டுக்கு 60. பரணில் கிடக்கும் மஞ்சள் கேசட் 60 ஊசிக்காரன். அமெரிக்க வாயில் அது நுழையாது.

அப்படியானால் ஜப்பான் ஃபேமிகாம்தானே விடை என்று கேட்கலாம். கேசட் நுழையும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பெட்டி 100 வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தது. அதன் அடாப்டரை நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. படம் ஆன்டெனா கம்பி வழியாக, ஜப்பானிய சேனலில்தான் வரும். ஜாய்ஸ்டிக்கைக் கழற்ற முடியாது, பெட்டியோடு பிறந்தது. நின்டெண்டோ 2007 அக்டோபரோடு பழுதுபார்ப்பதையும் நிறுத்திவிட்டது. இதையெல்லாம் கடந்தும் வாங்குகிற வைராக்கியசாலிகள் உண்டு. அவர்களுக்குக் காத்திருக்கும் ஏமாற்றம்தான் இந்த விவகாரத்தில் மிகச் சுவையானது. ஜப்பானிய டிவி நொடிக்கு 60 முறை படம் வரையும். நம் நாட்டு பால் (PAL) முறை டிவி 50 முறை. நமக்கு வந்த நகல் பெட்டிகள் இந்த 50-க்கு ஏற்பச் செய்யப்பட்டவை. ஆகவே அவற்றில் ஆட்டம் சுமார் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. மரியோ எந்த நொடியில் தாவ வேண்டும் என்று பத்து வயதில் இவர் விரல் படித்துக்கொண்டது அந்த மெதுவான கணக்கில். அசல் பெட்டியில் முதல் பள்ளத்திலேயே விழுவார். விழுந்துவிட்டு, ஜாய்ஸ்டிக் பழசு என்பார்.

இசையிலும் இதே கதைதான். அந்த நகல் சில்லுகள் பலவற்றில் ஒரு பிழை இருந்தது: மெட்டை வாசிக்கும் சதுர அலையின் இரண்டு ஒலி வகைகள் இடம் மாறி ஒலித்தன. ராகம் அதேதான், குரல் மட்டும் வேறு. அசலில் மென்மையாக வருவது நகலில் மூக்கால் பாடும். அசலில் மூக்கால் பாடுவது நகலில் சாந்தமாகிவிடும். இவருடைய பால்யத்தின் பின்னணி இசை என்று இவர் உருகுவது, பெரும்பாலும் தைவானியப் பிழை ஒன்றின் கைங்கர்யம். அசலைக் கேட்டால் எங்கோ உதைக்கும். அந்த உதைப்பைச் சரிசெய்ய ஸ்பீக்கர் வாங்கப் போவார்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒருவர் குறுக்கிடுவார்: நீங்கள் சொல்வதெல்லாம் பழைய தொல்லை, இப்போது எஃப்.பி.ஜி.ஏ. வந்துவிட்டது, மென்பொருள் பாவனை கிடையாது, பழைய சுற்றையே புதிய சில்லுக்குள் அப்படியே எழுப்புகிறார்கள், அதை வாங்கட்டுமே. நியாயமான யோசனைதான், தொழில்நுட்பமாகப் பார்த்தால் அபாரமான வேலையும்கூட. 2017-இல் வந்த அனலாக் என்டி மினி இந்த வகை. அன்றைய விலை 449 டாலர். 60 ஊசி, 72 ஊசி இரண்டும் ஏற்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், இதுவும் நகல்தானே? நின்டெண்டோவின் சில்லை இன்னொருவர் பார்த்து எழுதியது. மலிவாக நகலெடுத்துப் பெட்டிக்கடையில் விற்றால் அதற்குப் பெயர் டூப்ளிகேட். அலுமினியக் கூட்டில் போட்டு நானூறு டாலருக்கு மேல் விலை சொன்னால் அதற்குப் பெயர் ரசனை. புதிய நகல் துல்லியமானது, பழையது பிழை மலிந்தது என்று நம்மவர் பதில் சொல்வார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதற்குத் துல்லியம்? கியோட்டோவில் ஒரு பையன் 1985-இல் பார்த்ததற்கு. மதுரையில் 1995-இல் பார்த்தது அந்தப் பிழைகளோடு சேர்ந்ததுதான்.

டிவி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வாத்து சுடும் துப்பாக்கி பழைய குழாய் டிவியில் மட்டுமே வேலை செய்யும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து செத்தது. தட்டை டிவி அந்தக் கட்டத்தைக் காட்டச் சற்றே தாமதிக்கும். அதற்குள் கருவி தீர்ப்பு எழுதிவிடும், வாத்து பிழைத்துக்கொள்ளும். ஆகவே குழாய் டிவி தேடுகிறார் என்பதில் குற்றம் இல்லை. எந்தக் குழாய் டிவி என்பதில்தான் சிரிப்பு. தொழில்முறைப் பயன்பாட்டுக்காக சோனி செய்த பி.வி.எம். மானிட்டர்தான் வேண்டும் என்பார். தமிழக அரசு 2006-இல் தொடங்கி வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவி, தெருமுனைப் பழைய இரும்புக் கடையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அதுவும் குழாய் டிவிதான். வாத்தைக் கொல்வதற்கு அதுவும் போதும். அதைத் தாண்டித்தான் அவர் தினமும் வண்டியில் போகிறார்.

மறுப்புகளில் கனமானது ஒன்று உண்டு: இது பாதுகாப்புப் பணி, இவர்கள் இல்லாவிட்டால் பழைய விளையாட்டுகள் அழிந்துபோகும் என்பது. கவலை நிஜமானது. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று முறையாக விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. ஆனால் நின்டெண்டோவின் அந்தப் பெட்டி உலகம் முழுக்க ஆறு கோடிக்கு மேல் விற்றது. அதைக் காக்க அருங்காட்சியகங்களும் பணக்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள். 2021-இல் பிரிக்காத சூப்பர் மரியோ கேசட் ஒன்று 20 லட்சம் டாலருக்குப் போனது. நம் தெருக்களில் ஓடிய நகல் பெட்டிகள் எத்தனை, யார் செய்தது, எந்த ஊர்க் கடை வழியாக வந்தது என்று எழுதி வைத்தவர் அரிது. காப்பாற்றும் எண்ணம் இருந்தால் காப்பாற்ற வேண்டியது அதைத்தான். நம்மவர் அதைக் கல்லூரி இரண்டாம் வருடத்தில் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார்.

இன்னொரு மறுப்பு அறம் சார்ந்தது. சின்ன வயதில் திருட்டு நகலில் ஆடினோம், உழைத்தவர்களுக்கு ஒரு காசு போகவில்லை, இப்போது அசலை வாங்கிக் கடனைத் தீர்க்கிறோம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒசாகாக்காரரிடம் பழைய பெட்டி வாங்கினால் காசு ஒசாகாக்காரருக்கே போகும். நின்டெண்டோவுக்கும் கொனாமிக்கும் சல்லிக்காசு சேராது. கடன்தான் உறுத்துகிறது என்றால், கொனாமியே 2019-இல் கான்ட்ரா விளையாட்டுகளைத் தொகுத்துச் சுமார் 20 டாலருக்கு வெளியிட்டது. வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அதை இவர் வாங்கமாட்டார். ஷோகேஸில் வைக்க அதில் என்ன இருக்கிறது?

இவருக்குப் பொருத்தமான கருவி இன்றும் கிடைக்கிறது என்பதுதான் வேடிக்கை. அதே நகல் மரபில் வந்த பிளாஸ்டிக் பெட்டி, சில நூறு ரூபாயில், டேங்க்கும் கான்ட்ராவும் உள்ளேயே அடைத்து. சுற்றெல்லாம் இப்போது ஒரே சில்லில் சுருங்கிவிட்டது, வயர் குட்டை, ஜாய்ஸ்டிக் பொங்கலுக்கு வாங்கினால் தீபாவளி வரை தாங்காது. பரணில் கிடக்கும் மஞ்சள் கேசட்டை ஊதிவிட்டுச் செருகினால் ஓடவும் செய்யும். ஊதாதீர்கள், ஈரம் பட்டு ஊசி துருப்பிடிக்கும் என்று நின்டெண்டோ எச்சரித்திருப்பது நகல் பெட்டிக்கும் பொருந்தும். ஆனால் ஊதாமல் செருகியவர் நம் ஊரில் யாரும் இல்லை. இவ்வளவு பொருத்தமான பெட்டியை அவர் எக்செல் தாளில் ஏற்றவே மாட்டார். நண்பர்கள் வந்தால் காட்ட வேண்டுமே. கூச்சம் என்று இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அப்பா அன்று தன் சம்பளத்துக்கு எட்டியதை வாங்கிக் கொடுத்தார். இன்று சம்பளம் வேறு, ஆகவே பால்யத்தையும் தரம் உயர்த்திக்கொள்ள ஆசை வருகிறது. ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு வரலாற்று ஆராய்ச்சி என்று பெயர் சூட்டும்போதுதான் சிரிப்பு வருகிறது.

அப்படியும் சிலர் ஏதோ ஒரு தீபாவளி போனஸில் துணிந்து வாங்கிவிடுவது உண்டு. பெட்டி வரும், அளவான ஆரவாரம் இருக்கும், பையன் ஐந்து நிமிடம் ஆடிவிட்டு "இதுல சேவ் பண்ண முடியாதாப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போவான். இவர் இன்னும் கால் மணி நேரம் ஆடுவார், மூன்று முறை பள்ளத்தில் விழுவார். அன்றிரவே எக்செல்லில் இரண்டாவது தாள் திறக்கும்: சேகா மெகா டிரைவ், முதல் மாடலா, இரண்டாம் மாடலா. ஒலி முதல் மாடலில்தான் சுத்தமாம். அதிலும் மூடியின் மேல் 'ஹை டெஃபினிஷன் கிராஃபிக்ஸ்' என்று எழுதியிருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டுமாம். இந்தியாவில் அது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.