முன்பணமாக ஒரு சிப்பாய்

கேள்வி: செஸ்ஸில் நாலாவது நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறாங்களே, நஷ்டம்தானுங்களே?
– தறிக்காரர் ஒருவர், சோமனூர்

பதில்: தறிக்கு ஆள் பிடிக்க முன்பணம் தருகிறீர்களே, அந்தக் கணக்குத்தான்! நீங்கள் சொல்வது எவான்ஸ் காம்பிட் என்ற தொடக்க ஆட்டம். 1820களில் வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன் ஒருவர் கிளப்பிவிட்டது. சிப்பாயைத் தின்ற மந்திரியை அடுத்த சிப்பாய் விரட்டும். அது ஓடி ஒளிவதற்குள் வெள்ளை பலகையின் நடுவைப் பிடித்துக்கொள்ளும். பழைய சரக்கு என்று பெரிய ஆட்டக்காரர்கள் பரணில் போட்டிருந்ததை, 1995இல் ரிகாவில் காஸ்பரோவ் தூசிதட்டி நம்ம ஆனந்திடம் நீட்டினார். ஆனந்தும் வாங்கிக்கொண்டார். 25 நகர்த்தலில் கதை முடிந்தது! மருந்து? வாங்கிய சிப்பாயைக் காலத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவது. அந்தக் கால உலக சாம்பியன் லாஸ்கர் காட்டிய வழி. ஆனால் தின்றதைக் கக்க யாருக்குங்க மனசு வரும்?