பதினாறில் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

கோவில்பட்டியில் ஏசி ரிமோட்டுக்கு இரண்டு உடுப்பு. கம்பெனிக்காரன் போட்டு அனுப்பிய பாலிதீன் உறை ஒன்று. அதைக் கழற்ற மனமில்லாமல் அதன்மேல் மாட்டிய ரெக்சின் உறை இன்னொன்று. இத்தனை பந்தோபஸ்துக்கும் உள்ளே ஒளிரும் எண் பெரும்பாலும் ஒன்றேதான்: 16. வெளியே சித்திரை வெயிலில் கரிசல் காடு பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். உள்ளே குடும்பமே கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். கொஞ்சம் கூட்டி வைக்கலாமே என்று யாராவது சொன்னால், “வேண்டாம், அப்புறம் ரூம் குளுரவே குளுராது” என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வரும்.

இந்தப் பதினாறு ஒரு வேகம் என்று ஊர் நம்புகிறது. உண்மையில் அது நிற்கும் இடம். பழைய வகை ஏசியின் கம்ப்ரஸருக்குத் தெரிந்தது இரண்டு காரியம்: முழு மூச்சாக ஓடுவது, நிற்பது. 24-ல் வைத்தாலும் 16-ல் வைத்தாலும் முதல் கால்மணி நேரம் அது ஒரே ஓட்டம்தான் ஓடும். 24 என்றால், அங்கே வந்ததும் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும். 16 என்றால், மே மாதம் மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் அதற்கு ஓய்வே கிடையாது. ராத்திரி முழுக்க ஓடியும் பதினாறைக் கண்ணால் பார்க்காது.

அரசாங்கத்துக்கும் இது தெரியும். நட்சத்திரக் குறியிட்ட அறை ஏசிகள் எல்லாம் சுவிட்சைப் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி 1 முதல் விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. ஆனால் 24-ல் தொடங்கச் சொன்ன விதி, இறக்கும் பொத்தானை எட்டு முறை அழுத்தக் கூடாது என்று சொல்லவில்லை. நம் ஆட்கள் எட்டு முறை அழுத்தினார்கள். 2025 ஜூனில் மத்திய அமைச்சர் மனோகர் லால், இனி 20-க்குக் கீழே இறங்க முடியாதபடியே ஏசிகள் வரப்போவதாக அறிவித்தபோது, ஊரில் சிலர் பழைய ஏசியைத் தடவிக் கொடுத்திருப்பார்கள்.

தடவிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மின்வாரியம் விடாது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றுகொண்டால் ஒரு கணக்கு. 501 ஆகிவிட்டதோ, அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. ஏற்கெனவே ஓடி முடிந்த நூற்றுச் சொச்சமாவது யூனிட்டுகளுக்கும் சேர்த்து ஏறும்.

பதினாறாம் நம்பர் கட்சியில் கடைசிவரை சேராத பெரியவர் ஒருவர் கோவில்பட்டியில் உண்டு. நூற்பாலை ஒன்றில் ஈரப்பதம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். பஞ்சு நூலாகிற இடத்தில் காற்று காய்ந்துவிட்டால் இழை பட் பட்டென்று அறும். அதனால் கரிசல் காட்டு வறண்ட காற்றுக்கு மில்லுக்குள் தண்ணீரைத் தூவி, ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்தில் பிடித்து வைக்க வேண்டும். சுவரில் இரண்டு வெப்பமானிகள் ஜோடியாகத் தொங்கும். ஒன்று வெறும் குமிழ். மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, அட்டவணையில் விரலை ஓட்டி, ஈரப்பதம் இன்னது என்று எழுத வேண்டும். அதையே வாழ்நாள் முழுக்கச் செய்தவருக்கு ரிமோட்டைக் கண்டு என்ன பயம்? வீட்டில் 26, கூடவே ஃபேன். பேரன் வந்து அழுதாலும் 25-க்குக் கீழே பேச்சுக்கே இடமில்லை.

இப்பேர்ப்பட்டவரும் மனைவியும் ஓர் ஆகஸ்ட் மாதம் டெக்ஸஸில் டல்லாஸுக்கு அருகே பிளானோவில் மகன் வீட்டுக்குப் போய் இறங்கினார்கள். அந்த ஊர் வெயிலும் சித்திரைக்குச் சளைத்ததல்ல. ஹாலின் சுவரில் உள்ளங்கை அளவு பெட்டி. அதில் 72 என்று எழுதியிருந்தது.

“என்னய்யா இது, 72-னு காட்டுது? வெந்துல்லா போவோம்!”

“அது பாரன்ஹீட், மாமா. நம்ம கணக்குல 22” என்றாள் மருமகள். பெரியவர் நம்பவில்லை. முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்து, 22.2 என்று திருத்தினார்.

அந்தப் பெட்டி இரு நிலைத் தெர்மோஸ்டாட். வீட்டுக்கு வெளியே நிற்கும் இயந்திரம் ஒரே வேகத்தில் ஓடாது. முதல் நிலையில் தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மட்டும் காட்டும். வைத்த எண்ணுக்கும் வீட்டுச் சூட்டுக்கும் இடைவெளி அதிகமானாலோ, முதல் நிலை நெடுநேரம் ஓடியும் எட்டவில்லை என்றாலோ, பெட்டி இரண்டாம் நிலையைக் கூப்பிடும். உள்ளே ஒய்-1, ஒய்-2 என்று அதற்குத் தனித்தனி ஒயர். சாதாரண நாளில் முதல் நிலையே போதும். மெதுவாக, நீண்ட நேரம் ஓடுவதால் சத்தம் குறைவு, காற்றில் உள்ள ஈரத்தையும் நன்றாக வாங்கிவிடும். ஈரம் என்ற சொல் காதில் விழுந்ததும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து மகனிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அவர் மனைவி அதற்குள் முடித்துவிட்டார்: “அடுப்பை சிம்ல வைக்கிறதில்லையா, அதேதான். இதுக்குப் போயி அமெரிக்கா வரணுமாக்கும்.”

வம்பு மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தது. பெட்டிக்குள் நாளை நான்காகப் பிரித்து எழுதியிருந்தார்கள்: எழும் நேரம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், தூங்கும் நேரம். மகனும் மருமகளும் எட்டுக்கு வேலைக்குக் கிளம்பினால் வீட்டில் ஆள் கிடையாது என்பது பெட்டியின் தீர்மானம். ஆகவே குளிரை விட்டு, 82 வரை ஏற விட்டது. அமெரிக்காவுக்கு விசா கொடுத்தவர்கள் ஒப்புக்கொண்ட இரண்டு ஆத்மாக்களைச் சுவர்ப் பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

பெரியவர் எழுந்து போய்க் கீழ்நோக்கிய அம்பை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கம்ப்ரஸர் நின்ற கையோடு மறுபடி கிளம்பினால் கெட்டுவிடும் என்பதற்காக இந்தப் பெட்டிகள் சுமார் ஐந்து நிமிடம் காக்க வைக்கும். காத்திருப்பது யார்? இன்னும் அழுத்தினார். 65 வரை போனது. திடீரென்று இயந்திரம் உறுமியது, இரண்டாம் நிலை. மத்தியானம் மகன் போன் செய்தபோது அம்மா சால்வைக்குள்ளிருந்து பேசினார். அடுத்த நாள் எட்டு மணிக்கு மறுபடி 82. ஏனென்றால் அம்பை அழுத்துவது தற்காலிக உத்தரவு. அடுத்த நேரம் தொடங்கியதும் பெட்டி பழைய அட்டவணைக்கே போய்விடும். நிலையாக நிற்க, 'ஹோல்டு' என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைப் பெரியவரே மாற்றினார். மில் ஷிப்டுக்கு எழுந்த பழக்கத்தில், எழும் நேரம் 4.30 என்று பதித்தார். திங்கள் அதிகாலை வீடு குளிர்ந்த குளிரில் மருமகளும் 4.30-க்கே எழுந்தாள்.

ஒரு கணக்கில் இந்தப் பெட்டி பிறந்ததே அவரைப் போன்றவர்களுக்காகத்தான். விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியரின் வகுப்புக்குள் பணியாள் அடிக்கடி நுழைந்து, சூடு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போவார். பாடம் கெட்டது. ஜான்சன் 1883-ல் காப்புரிமை வாங்கிய கருவி, அறையின் சூடு மாறினால் கீழே கொதிகலன் அருகில் இருக்கும் பணியாளுக்கு மணியடித்தது. ஆளைக் கூப்பிட வந்த கருவி, பிற்பாடு ஆளே வேண்டாம் என்று ஆக்கிவிட்டது.

மாலை நடையில் பெரியவருக்கு இன்னொரு அதிசயம். டல்லாஸ் வட்டாரமே கருமண் சமவெளி. ஒரு காலத்தில் பருத்தி விளைந்த மண். கோடையில் வெடிக்கிறது, மழையில் உப்புகிறது. அஸ்திவாரம் விரியாமலிருக்க, வீட்டைச் சுற்றிச் சொட்டுக் குழாய் போட்டுச் சுவருக்கடியில் தண்ணீர் விடுகிறார்கள். “கரிசல்டே!” என்று குனிந்து ஒரு கட்டியை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார்.

2021 ஜூனில் அதே மாநிலத்தில் நடந்ததை மகன் சொன்னபோதுதான் அவருக்கு ஆறுதல். வெயில் தாங்காமல் மின்தேவை எகிறியபோது, சில வீடுகளின் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை வெளியிலிருந்தே ஏற்றிவிட்டார்கள். பரிசுக் குலுக்கலுக்கு ஆசைப்பட்டு மின்சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்தபோது, அதற்கும் சம்மதம் கொடுத்திருந்தது வீட்டுக்காரர்களுக்கு நினைவில்லை. “நம்ம ஊர்ல கரண்டையே மொத்தமா எடுத்துருவான். அதுல ஒளிவு மறைவு கிடையாது” என்றார் பெரியவர்.

டிசம்பரில் குளிர் வந்ததும் அம்மாவின் முறை. கை விறைக்கிறது என்று 68-லிருந்து ஒரேயடியாக 78-க்கு ஏற்றினார். அந்த வீட்டில் ஹீட் பம்ப்; கோடையில் குளிர்விக்கும் அதே இயந்திரம்தான் குளிர்காலத்தில் சூடும் தரும். இடைவெளியைப் பார்த்து மிரண்ட பெட்டி, துணைக்கு இருந்த மின்சாரக் கம்பிச் சூடேற்றியையும் எழுப்பிவிட்டது. அது யூனிட்டைக் குடிக்கிற வகை. இந்த ஓர் இடத்தில் பதினாறாம் நம்பர் கட்சிக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. இரு நிலை இயந்திரத்தில் இடைவெளியைக் கூட்டினால் நிஜமாகவே வேகம் கூடும். பில்லும் கூடவே வரும்.

ஊரில் இப்போது விற்கும் இன்வெர்ட்டர் ஏசி இன்னும் ஒரு படி மேல். இரண்டே நிலை என்றில்லாமல், தேவைக்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். 24-ல் வைத்தால் அறை குளிர்ந்தபின் அடங்கி ஓடும். 16-ல் வைத்து அடங்கவே விடாமல் விரட்டுவதற்கு இன்வெர்ட்டருக்குக் கூடுதல் விலை கொடுப்பது வெட்டிச் செலவு.

கோவில்பட்டிக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். எண்ணைக் குறைக்கும் முன் ஏசியின் முன்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் வலையைப் பாருங்கள். கரிசல் புழுதி அப்பியிருக்கும். காற்று போக வழியே இருக்காது. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். 24-ல் வைத்து, ஃபேனை இரண்டில் ஓட விடுங்கள். அப்படியும் குளிரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.