பதில் கேட்ட பாடம்

"கரஸ்ல படிச்சவர்" என்று சொல்லும்போதே குரல் சற்று இறங்கிய காலம் ஒன்று இருந்தது. கல்லூரிக்குப் போய்ப் படித்தது அசல், தபாலில் படித்தது ஏதோ ஒப்புக்கு என்ற நினைப்பு. 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் இந்த நாட்டில் முதன்முதலாக அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. அதற்குப் பிறகும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை. எண்பதுகளின் கடைசியில் தொலைநிலைக் கல்விக்கு வணிகவியல் பாடம் எழுதிக் கொடுத்தவன் நான். இப்போது வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் இணையவழிப் பயிற்சி வடிவமைக்கிறேன். இரண்டையும் உள்ளேயிருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது இது: காகிதமும் தபால்தலையும் மட்டுமே இருந்த நாளில் பாடம் மாணவனிடம் ஓயாமல் பதில் கேட்டது. நொடியில் மறுமொழி சொல்லும் கருவி வந்த பிறகு, பெரும்பாலான பாடங்கள் கேட்பதையே விட்டுவிட்டன.

அன்றைக்குப் பொருளை எழுதுபவர் ஒருவர், அதைப் படிக்கப்போகிறவன் பக்கம் நின்று வடிவம் திருத்துபவர் இன்னொருவர். எனக்கு வாய்த்த திருத்துநர் ஒரு அம்மையார். கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உள்ளே புரட்டுவதற்கு முன்பே கேட்பார்.

"தம்பி, இந்தப் பாடத்தை முடிச்சதும் அந்தப் பையன் என்ன செய்வான்?"

"தேய்மானம் பத்தித் தெரிஞ்சுக்குவான் மேடம்."

"தெரிஞ்சுக்கிட்டான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பேனாவைக் கையில குடுத்தா என்ன போட்டுக் காட்டுவான், அதைச் சொல்லுங்க."

பாடத்தின் தொடக்கத்தில் வரும் நோக்கங்களில் 'அறிவார்', 'புரிந்துகொள்வார்' என்ற சொற்களைக் கண்டால் அடித்துவிடுவார். 'கணக்கிடுவார்', 'வேறுபடுத்திக் காட்டுவார்', 'பிழையைக் கண்டு திருத்துவார்' என்று எழுதினால்தான் மேற்கொண்டு படிப்பார். ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கர் 1962-இல் எழுதிய ஒரு சிறு புத்தகத்திலிருந்து வந்த ஒழுங்கு அது. படித்தவர் என்ன செய்து காட்ட வேண்டும், எந்த நிலைமையில் செய்ய வேண்டும், எவ்வளவு சரியாகச் செய்தால் போதும் என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும் என்பது மேகர் சொன்னது. இது முடிவானால் பாடத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது பாதி முடிவாகிவிடும். எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவைக்கும் ஆசைக்கு அந்தக் கேள்வி அணை போட்டது.

அடுத்தது, கோடு போட்ட இடம். இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு முறை கேள்வி வரும். கீழே மாணவன் எழுதுவதற்கு நாலைந்து வெற்றுக் கோடுகள் இருக்கும். விடை அலகின் கடைசியில்தான். காகிதம் விற்ற விலையில் அச்சகத்தாருக்கு அந்த வெற்றிடத்தைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனாலும் யாரும் அதைக் குறைக்கவில்லை. மாணவனைக் கையைப் பிடித்து நிறுத்தி, "இதுவரை படித்ததை வைத்து நீ செய்து பார்" என்று சொல்ல எங்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

அதோடு விடைத்தாள் திருத்தம். வெறும் மதிப்பெண் போட்டு அனுப்பக் கூடாது, ஓரத்தில் எழுத வேண்டும். தையல் கடை வைத்திருந்த ஒருவருடைய தாள் இன்னும் நினைவில் நிற்கிறது. 10,000 ரூபாய்க்கு ஒரு தையல் இயந்திரம், ஐந்து ஆண்டு உழைக்கும், முடிவில் 1,000 ரூபாய்க்கு விற்கலாம். ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு என்பது கேள்வி. அவர் பத்தாயிரத்தை ஐந்தால் வகுத்து 2,000 என்று போட்டிருந்தார். நான் சிவப்பு மையில் 1,800 என்று எழுதவில்லை. "ஐந்தாம் ஆண்டு முடிவில் இதை விற்றால் கைக்கு ஒன்றும் வராதா?" என்று மட்டும் எழுதினேன். சில வாரம் கழித்து அவரிடமிருந்து வந்த உறையில் அந்தக் கணக்கு திருத்திப் போடப்பட்டிருந்தது. கூடவே, தன் கடையிலிருந்த பழைய இயந்திரத்துக்கும் அதே கணக்கைப் போட்டு அனுப்பியிருந்தார். யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு கேள்வி போய்ச் சேரவும் பதில் திரும்பவும் அத்தனை வாரம் ஆயிற்று. இன்றைக்கு அந்தக் காத்திருப்பு எதுவும் தேவையில்லை.

இன்றைக்கு என்ன நடக்கிறது என்பதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். வங்கிக் கவுன்ட்டரில் புதிதாக உட்காரும் எழுத்தர்களுக்குக் கள்ளநோட்டு பற்றிய பயிற்சி ஒன்று என்னிடம் சீரமைப்புக்கு வந்தது. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையைத் துண்டு துண்டாக ஸ்லைடுகளில் போட்டிருந்தார்கள். திரையில் இருக்கும் அதே வாக்கியத்தைப் பின்னணிக் குரல் ஒரு எழுத்து விடாமல் வாசித்தது. குரல் முடியும்வரை 'நெக்ஸ்ட்' பொத்தான் வேலை செய்யாது. கடைசியில் ஒரு தேர்வு. அதில் மிக நீளமான விடையைத் தொட்டால் அநேகமாகச் சரியாக இருக்கும், இல்லாவிட்டால் 'மேற்கண்ட அனைத்தும்'. 80 சதவீதம் வாங்கினால் சான்றிதழ்.

எழுத்தர்கள் ஒலியை அணைத்துவிட்டு, வேறு வேலை பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்திப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாடம் அவர்களிடம் கேட்டதே அவ்வளவுதான். ஒரே சொற்களைக் கண்ணுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் கற்பது கூடுவதில்லை, குறைகிறது என்பதை ரிச்சர்ட் மேயர் போன்றவர்கள் சோதனைகளால் காட்டியிருக்கிறார்கள். படத்துக்குக் குரல் துணை செய்யும். எழுத்தையே குரலும் சொன்னால், இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதிலேயே மனம் களைத்துப்போகும்.

பயிற்சித் துறைக்காரர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. இணையப் பாடங்கள் எந்த மேடையிலும் ஓடுவதற்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் ஸ்கார்ம் என்ற தரமுறை உருவானது. 2001-இல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்னமும் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. பாடம் முடிந்ததா, எவ்வளவு நேரம் ஆனது, மதிப்பெண் எத்தனை என்பவற்றை அது ஒழுங்காகப் பதிவு செய்யும். பதிவாவதைத்தான் மேலிடம் கேட்கும், கேட்பதைத்தான் துறை கொடுக்கும். கவுன்ட்டரில் உட்கார்ந்த பெண் அடுத்த நாள் என்ன செய்தாள் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமில்லை.

நாங்கள் ஸ்லைடுகளை மூடிவைத்துவிட்டு ஒரு கிளைக்குப் போய்த் தலைமைக் காசாளரோடு உட்கார்ந்தோம். புதுப் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேட்டோம். கள்ளநோட்டை அடையாளம் காண்பதில் என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தோம். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "அது மெஷினே சொல்லிடும் சார், விரலும் பழகிடும். எதிர்ல நிக்கிறவர் முகத்தைப் பார்த்ததும்தான் இவங்களுக்குக் கை நடுங்குது."

பாடம் அங்கேதான் பிறந்தது. காய்கறி வியாபாரி ஒருவர் கட்டுக் கட்டாகப் பணம் கொண்டுவருகிறார். நடுவில் ஒரு ஐந்நூறு ரூபாய் கள்ளநோட்டு. அவர் கையை நீட்டுகிறார்: "ஏம்மா, அதைக் குடும்மா. எங்க வாங்கினேனோ அங்கயே குடுத்து மாத்திக்கிறேன்." திரை அதோடு நிற்கும். நீங்கள் என்ன செய்வீர்கள்?

இரக்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்தால், அந்த நோட்டு இன்னொரு கடையில் இன்னொரு ஏழையின் கையில் இருப்பதைப் பாடம் காட்டும். ஒன்றும் சொல்லாமல் தொகையைக் குறைத்துக்கொண்டால், பெரியவர் சாயங்காலம் சண்டைக்கு வருவார். கையில் ரசீது இல்லாததால் அவர் பக்கம் நியாயம் இருக்கும். மூன்றாவது வழி: நோட்டின்மேல் கள்ளநோட்டு முத்திரையைக் குத்தி, பதிவேட்டில் ஏற்றி, கைப்பற்றியதற்கு ரசீது கொடுப்பது. அவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் ரசீது கொடுத்தாக வேண்டும். அந்த நோட்டுக்குக் கணக்கில் வரவு கிடையாது. இந்த விதிகள் எல்லாம் பழைய ஸ்லைடுகளிலும் இருந்தவைதான். அந்தப் பெரியவரிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வது என்பது மட்டும் இல்லை. அதை எழுத்தர் தானே இரண்டு வரியில் தட்டச்சு செய்யும்படி வைத்தோம்.

அடுத்த காட்சியில் ஒரே கட்டில் ஐந்து கள்ளநோட்டுகள். ஒரே பரிவர்த்தனையில் நான்கு வரை என்றால் மாதக் கடைசியில் காவல்துறைக்குத் தொகுப்பு அறிக்கை. ஐந்தோ அதற்கு மேலோ என்றால் காவல்நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். நாலுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தவறாகச் செய்துபார்த்தவர் மறப்பதில்லை. ஆனாலும் அதே கேள்வியை வேறு உருவத்தில் ஒரு வாரம் கழித்து ஒரு முறை, பிறகு இன்னொரு முறை அனுப்பினோம். மறதி எவ்வளவு வேகமாக வரும் என்பதை எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவிட்டார். திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லவைப்பது நெடுநாள் நிற்கிறது என்பதை ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் காட்டினார்கள்.

"சுற்றறிக்கை முழுசும் பாடத்துல இல்லேன்னா தணிக்கையில என்னத்தைக் காட்டுறது?" என்று ஒரு அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி. சுற்றறிக்கையை அப்படியே ஒரு பக்கமாக வைத்து, சந்தேகம் வரும் இடத்தில் எழுத்தரே திறந்து பார்க்கும்படி செய்தோம். வேலையிலும் அவர்கள் அப்படித்தானே பார்க்கப்போகிறார்கள்.

இந்தக் காலத்தில் இதெல்லாம் முடியாது என்பவர்களுக்கு ஐஐடி பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தைக் காட்டுவேன். கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய திட்டம் அது. கட்டற்ற மென்பொருள்களைக் கற்றுத்தரும், பத்து நிமிட அளவிலான பாடங்கள். திரையின் ஒரு பாதியில் பாடம், மறுபாதியில் மென்பொருள்; சொல்வதை நிறுத்தி நிறுத்திக் கூடவே செய்ய வேண்டும். எழுத்துப் பிரதியை, அந்த மென்பொருளே தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யவைத்துப் பார்த்த பிறகுதான் பதிவு செய்கிறார்கள். குரல் தமிழில் இருக்கும், திரை ஆங்கிலத்திலேயே இருக்கும். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் பார்க்கப்போவது அந்த ஆங்கிலத் திரைதான் என்பதை யோசித்து எடுத்த முடிவு. ஆடம்பர அசைவூட்டம் எதுவும் அதில் கிடையாது. ஆனால் கற்பவரின் கை சும்மா இருக்காது.

கள்ளநோட்டுப் பாடத்தில் ஒன்று மட்டும் இழுபறியாக இருந்தது. எழுத்தர்கள் தட்டச்சு செய்யும் அந்த இரண்டு வரியை யார் படிப்பது? விலைப்புள்ளியில் வாசகருக்கான ஊதியத்தைத் தனி வரியாகப் போட்டிருந்தேன். முதலில் அடிபட்டது அந்த வரிதான். படங்களுக்கும் குரலுக்கும் கேட்டதைக் கொடுத்தார்கள். நான் விடவில்லை, நாலைந்து கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் அந்தந்த வட்டாரத்தின் தலைமைக் காசாளர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் படித்து மறுமொழி எழுதுவது என்று ஒப்புக்கொண்டார்கள். "நோட்டைத் தர விதி இல்லை" என்று மட்டும் எழுதியிருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு காசாளர் எழுதிய மறுமொழியைப் பார்த்தேன்: "சரிம்மா. அவர் அன்றைக்கு முழுதும் சம்பாதித்தது அந்த நோட்டாக இருந்தால் இதையேதான் சொல்வாயா?" அவள் மறுபடி எழுதினாள். இந்த முறை, "ஐயா, இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை" என்று தொடங்கியிருந்தாள்.